தனி ஆளுக்குப் படகு இன்ஜின்: இன்னொரு கை எதற்கு?

கேள்வி, ஜனவரி 8

30 அடிப் பாய்மரப் படகு, இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். டீசல் ஃபில்டர் மாற்றினால், குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, ஆள் கூப்பிட வேண்டியிருக்கிறது. இம்பெல்லர் (கடல்நீர்ப் பம்புக்குள் சுழலும் ரப்பர்ச் சக்கரம்) மாற்றினாலும் அதே கதை. எனக்குத் துணைக்கு ஆள் கிடையாது. நல்ல கருவிப்பெட்டி ஒன்று வாங்கிவிட்டால் சமாளிக்க முடியுமா, இல்லை தனி ஆளால் ஆகாத வேலையா இது?

ஜனவரி 8, இரவு

கருவிப்பெட்டியை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் கூப்பிடும் அந்த ஆள் என்னதான் செய்கிறார்? மேலே காக்பிட்டில், அதாவது படகை ஓட்டும் இடத்தில், உட்கார்ந்திருப்பார். நீங்கள் "அடி" என்றால் சாவியைத் திருப்புவார், "போதும்" என்றால் விடுவார். இன்ஜின் படிக்கட்டுக்கு அடியில், சாவி மேலே. நடுவில் இருக்கும் அந்த இரண்டு மூன்று மீட்டருக்காகத்தான் ஒரு முழு மனிதரைப் பிடித்து வைத்திருக்கிறோம்.

ஸ்டார்ட் பட்டனைக் கீழே கொண்டுவாருங்கள். அழுத்தினால் ஓடி, விட்டால் நிற்கும் வகைப் புஷ் பட்டன். செல்ஃப் மோட்டாரின் தடித்த பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு ஒயர், முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், பட்டன், அங்கிருந்து சொலினாய்டின் (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் மின்காந்த ஸ்விட்ச்) சின்ன முனைக்கு. அவ்வளவுதான். சொலினாய்டு இழுக்கும் அந்த நொடியில் கரண்ட் கணிசமாகப் போகும், மெல்லிய ஒயர் போடாதீர்கள். முழங்கால் படாத இடமாகப் பார்த்து, மூடி போட்ட பட்டனாக வையுங்கள்.

என் படகில் நான் செய்த மாற்றங்களில் அதிகம் பயன்பட்டது இதுதான். மற்றதெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

ஜனவரி 9

பட்டனைப் போட்டவுடன் ஆசையாக அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். ஏர் எடுக்கும்போது இன்ஜின் பிடிக்காமலே சுற்றிக்கொண்டிருக்கும். அது சுற்றும்வரை கடல்நீர்ப் பம்பும் சுற்றும். குளிர்விக்கப் போன தண்ணீர், புகையோடு வெளியேறுவதற்காக, சைலன்சருக்குள் இறங்கும், ஆனால் அதை வெளியே தள்ளப் புகைவேகம் இருக்காது. சைலன்சர் நிரம்பினால் தண்ணீர் பின்வாங்கி மேனிஃபோல்டு (சிலிண்டரிலிருந்து புகை வெளிவரும் குழாய்) வழியாக சிலிண்டருக்குள் போய்விடும். டீசல் காற்றைத்தான் அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்த கதைகள் பல இப்படி ஆரம்பித்தவை.

அதனால் கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். இன்ஜின் பிடித்த உடனே திறக்க வேண்டும், ரப்பர் இம்பெல்லர் உலர்ந்து ஓடினால் சீக்கிரம் கெட்டுவிடும். மூடிய வால்வை மறக்காமலிருக்கப் பழைய வழி ஒன்று உண்டு: சாவியைக் கழற்றி வால்வின் கைப்பிடியில் மாட்டிவிடுவது.

ஜனவரி 10

"என் வால்வு பின்பக்கப் பெட்டிக்குள் இருக்கிறது, இன்ஜினிலிருந்து கை எட்டாது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அப்படியானால் வால்வைத் தொடாமல் சைலன்சரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்துவிட்டு அடியுங்கள். வருகிற தண்ணீர் அப்படியே பில்ஜுக்கு, அதாவது படகின் அடிப்பள்ளத்துக்குப் போகட்டும், பில்ஜ் பம்ப் பார்த்துக்கொள்ளும். இன்ஜின் பிடித்ததும் நிறுத்தி, திருகை மூடி, மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரி. வடிகால் இல்லாத சைலன்சரும் உண்டு, முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுத்துவது என்றதும் இன்னொன்று. மேலே இருக்கும் நிறுத்தக் கைப்பிடியின் கேபிள் கீழே இன்ஜெக்ஷன் பம்பின் பக்கத்தில் ஒரு சின்ன லீவரில் வந்து முடியும். அந்த லீவர் எது, எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டும் தெரிந்திருக்க வேண்டும். கீழே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்கிறவர் கீழே இருந்தே நிறுத்தவும் முடிய வேண்டும்.

ஜனவரி 12

ஏர் எடுப்பதில் பட்டன் கடைசிக் கட்டத்துக்குத்தான். முதல் கட்டம், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் கை லீவர். கட்டைவிரலால் மேலும் கீழும் ஆட்டி டீசலை ஏற்ற வேண்டும். சில நாள் ஆட்டினால் ஒன்றும் வராது, லீவர் தொளதொளவென்று இருக்கும். பம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கழற்றுகிறவர்கள் உண்டு. பம்பைத் தள்ளும் கேம் அப்போது உச்சியில் நிற்கிறது, அவ்வளவுதான். கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றினால் கேம் அரைச் சுற்று போய் லீவருக்கு அசைவு திரும்பிவிடும். இப்போது பட்டன் உங்கள் கையிலேயே இருக்கிறது, ஒரு தட்டு போதும்.

எனக்கு அந்த லீவரே வேண்டாம் என்று தோன்றி, முதல் ஃபில்டருக்கு முன்னால் 12 வோல்ட் எலெக்ட்ரிக் பம்ப் ஒன்று வைத்துவிட்டேன். ஸ்விட்சைப் போட்டால் டீசல் தானாக வரும். இரண்டு கையும் சும்மா இருக்கும்: ஒன்றில் ஸ்பானர், ஒன்றில் துணி. வரிசை எப்போதும் டேங்கிலிருந்து இன்ஜினை நோக்கி. முதல் ஃபில்டர், இன்ஜின் மேலிருக்கும் இரண்டாவது ஃபில்டரின் திருகு, இன்ஜெக்ஷன் பம்பின் திருகு. குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது, டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே இறுக்க வேண்டும். கடைசியாக இன்ஜெக்டர் குழாய் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டுச் செல்ஃப் அடிப்பது. அந்தக் கட்டத்தில் கையை அருகே கொண்டுபோகாதீர்கள், கண்ணாடி போடுங்கள். இன்ஜெக்ஷன் அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அது மருத்துவமனைக் காயம், துணி கட்டிச் சரியாவதில்லை.

ஜனவரி 13

ஒரு வாசகர் சரியாகப் பிடித்துவிட்டார். சாவியை வால்வில் மாட்டச் சொன்னேன், ஆனால் 8ஆம் தேதி சொன்ன பட்டன் சாவி இல்லாமலே வேலை செய்யுமே? ஆமாம். அதைவிட மோசம், பழைய முறை டீசல் இன்ஜினுக்கு ஓடக் கரண்டே வேண்டாம். சாவி இல்லாமல் அடித்தாலும் பிடித்துக்கொண்டு ஓடும், ஆயில் அலாரம் மட்டும் ஊமையாக இருக்கும். கியர் நியூட்ரலில் இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகாதபடி சில படகுகளில் ஒரு ஸ்விட்ச் உண்டு. நம் பட்டன் அதையும் தாண்டிப் போய்விடுகிறது.

ஆகவே ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போடும் ஸ்விட்ச்) வைப்பதே நல்லது. சாவி போட்ட பிறகு மட்டும் கரண்ட் வரும் ஒயரிலிருந்து பட்டனுக்கு எடுத்து, நியூட்ரல் ஸ்விட்ச் இருந்தால் அதன் வழியாகவே கொண்டுவந்து, ரிலேயின் சுருளுக்குக் கொடுங்கள். ரிலே சொலினாய்டை ஓட்டட்டும். வால்வை மூடிவிட்டுப் படகைவிட்டுப் போகும்போது சாவி வால்வில் தொங்கும், பட்டனும் செத்திருக்கும்.

ஜனவரி 13, கொஞ்ச நேரம் கழித்து

ஏர் எடுக்கும்போது துணி பிடிக்கவும் கை இல்லை என்கிறவர்களுக்கு: கார் பிரேக்குக்கு ஏர் எடுக்கும் நிப்பிள், உங்கள் திருகின் மரைக்குப் பொருந்துவதாகக் கிடைத்தால் அதை மாட்டுங்கள். ஒரு சின்னத் தெளிவான குழாய், மறுமுனை பாட்டிலுக்குள் டீசலில் மூழ்கியிருக்க வேண்டும். குமிழி கண்ணுக்குத் தெரியும், காற்று திரும்ப உள்ளே போகாது, பில்ஜ் நாறாது. அந்தத் தெளிவான குழாயை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். இன்ஜின் அறையில் நிரந்தரமாக இருக்க வேண்டியது தீயைத் தாங்கும் ஐஎஸ்ஓ 7840 முத்திரை போட்ட ஹோஸ் மட்டும்தான்.

ஜனவரி 17

எலெக்ட்ரிக் பம்பைப் பற்றி ஒரு மறுயோசனை. பழைய மெக்கானிக்கல் ஃபீட் பம்பை அப்படியே விட்டுவிட்டு அதற்கு முன்னால் எலெக்ட்ரிக் பம்பை எப்போதும் ஓடவிட்டால் ஒரு அபாயம் இருக்கிறது. மெக்கானிக்கல் பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர்த் தகடு கிழிந்தால், பின்னாலிருந்து தள்ளப்படும் டீசல் நேராக ஆயிலுக்குள் போகும். ஆயில் மெலியும், மட்டம் ஏறும். டிப்ஸ்டிக்கில் அளவு கூடியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், முகர்ந்து பாருங்கள்.

இரண்டு வழி. மெக்கானிக்கல் பம்பை எடுத்து, அந்தத் துளையைத் தகடு போட்டு மூடிவிட்டு எலெக்ட்ரிக்கை மட்டும் நம்புவது. அல்லது எலெக்ட்ரிக்கை ஏர் எடுக்கும்போது மட்டும் ஓட்டுவது. நான் இரண்டாவது கட்சி. பேட்டரி போனாலும், ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்ட இன்ஜின் தன் டீசலைத் தானே இழுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்பது என் விருப்பம்.

ஜனவரி 21

இம்பெல்லர். இதைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். பம்பின் மூடி பல இன்ஜின்களில் கண்ணுக்குத் தெரியாத பக்கமாகத் திரும்பியிருக்கும். பல பம்புகளில் ஆறு சின்னத் திருகுகள். ஒன்றாவது கீழே விழும். உடனே காந்தத்தை எடுப்போம். காந்தம் பித்தளையையும் பிடிக்காது, சாதாரணமாக இந்த மூடியில் வரும் ஸ்டெயின்லெஸ் திருகையும் பிடிக்காது. காந்தம் விற்றவருக்கு லாபம்.

ஆள் இருந்தால் அவர் டார்ச் பிடிப்பார், விழுந்த திருகைத் தேடுவார். தனியாக இருந்தால் விழ முடியாதபடி செய்ய வேண்டும். பம்புக்குக் கீழே பழைய துண்டை நன்றாகத் திணியுங்கள், ஓரங்கள் மேலே வரும்படி. இல்லை, இன்னும் நல்லது: பம்பையே கழற்றிவிடுங்கள். பல சிறிய இன்ஜின்களில் இரண்டு போல்ட், இரண்டு ஹோஸ் கிளிப். மேசை மேல் வைத்து வெளிச்சத்தில் இம்பெல்லர் மாற்றிவிட்டுத் திரும்ப மாட்டலாம். கூடுதல் வேலை போலத் தெரியும். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு விரல்நுனியால் திருகைத் தேடுவதை ஒருமுறை செய்துவிட்டால் அப்படித் தெரியாது. மூடி பக்கவாட்டில் கை எட்டும்படி இருந்தால் ஸ்பீட்சீல் போன்ற மாற்று மூடி போடலாம், ஓரிங் வைத்தது, திருகுகள் குறைவு, சிலவற்றை விரலாலேயே திருகலாம்.

இறக்கைகளை எந்தப் பக்கம் வளைத்துச் செருகுவது என்று பதற வேண்டாம். இன்ஜின் சுற்றியதும் தானே சரியான பக்கம் மடங்கிக்கொள்ளும். கிளிசரின் தடவுங்கள், பாத்திரம் கழுவும் சோப்பும் போதும், பெட்ரோலிய கிரீஸ் வேண்டாம். பழைய இம்பெல்லரில் இறக்கை ஒன்று குறைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுத்தாக வேண்டும். பெரும்பாலும், கடல்நீரால் கூலன்ட்டைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் சிக்கியிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் மூடினால் அடுத்த மாதம் சூடு ஏறும், நீங்கள் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஜனவரி 22

டார்ச் பிடிக்கும் ஆள்: தலையில் கட்டும் விளக்கு. இன்ஜின் அறையின் மேல்மூடியில் எல்இடி பட்டை. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஜனவரி 26

இரண்டாவது ஆளின் அடுத்த வேலை பார்ப்பது. இதற்குப் போனைவிட நல்ல ஆள் கிடையாது, அலுத்துக்கொள்ளாது, கதை பேசாது. கீழே வேலை செய்யும்போது ஒரு போனை மேலே மீட்டர் பலகைக்கு எதிரே நிறுத்தி, இன்னொரு போனுக்கு வீடியோ கால் போட்டுவிடுங்கள். டெம்பரேச்சர், அலாரம் விளக்கு எல்லாம் கீழே தெரியும். புகைக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கவும் அதே வழி.

அதைவிடப் பயனுள்ளது தலைகீழ் ஏற்பாடு. போனைக் கீழே இன்ஜினைப் பார்த்து வைத்துப் பதிவு செய்யவிட்டு, நீங்கள் மேலே போய் கியர் போட்டு ரெவ் ஏற்றுவது. படகை இரண்டிரண்டு கயிறாகக் கட்டிவிட்டுத்தான். இன்ஜின் சும்மா ஓடும்போது தெரியாத பலதும் லோடு ஏறும்போது தெரியும்: மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்க் கால்) ஒன்று மட்டும் துள்ளுவது, புகை கசிவது, புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுழலும்போது தள்ளாடுவது. ஸ்லோ மோஷனில் எடுங்கள். என் இன்ஜினின் பின்பக்க இடது மவுண்ட் ரப்பர் பிரிந்திருந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தேன், கையால் அசைத்தபோது அது கல் மாதிரி இருந்தது.

பெல்ட் ஓடும் இடத்தில் போனைச் சும்மா சாய்த்து வைக்காதீர்கள், கட்டிவையுங்கள். புல்லிக்குப் போன் பிடிக்காது.

ஜனவரி 30

"மறுபக்க நட்டை யார் பிடிப்பது?" இதுதான் உண்மையிலேயே கை தேவைப்படும் இடம். லாக்கிங் பிளையர் ஒன்றை நட்டில் கவ்வவிட்டு, அதன் கைப்பிடி பக்கத்துச் சட்டத்தில் முட்டி நிற்கும்படி திருப்பிவிடுங்கள். போல்ட்டை இந்தப் பக்கம் தைரியமாகச் சுற்றலாம். எட்டாத மூலையில் நட்டைச் சாக்கெட்டுக்குள் கொஞ்சம் கிரீஸ் வைத்து ஒட்டிக்கொண்டு போகலாம். அடிக்கடி கழற்றும் இடமாக இருந்தால் நட்டை ஒரு சின்னத் தகட்டில் வெல்டு வைத்துவிடுங்கள், தகடு முட்டிக்கொண்டு சுற்றாமல் நிற்கும்.

செல்ஃப் மோட்டாரை மாட்டும்போது கனம் ஒரு கையில், போல்ட் இன்னொரு கையில், துளை மூன்றாவது கையில். இதற்கு வழிகாட்டிப் போல்ட்: அதே மரையில் நீளமான போல்ட் ஒன்றை வாங்கித் தலையை அறுத்துவிட்டு, நுனியில் ஸ்க்ரூடிரைவருக்கு ஒரு வெட்டு. அதை மேல்துளையில் திருகி நிறுத்தி, மோட்டாரை அதன்மேல் ஏற்றித் தள்ளினால் தானே தொங்கும். கீழ் போல்ட்டை நிதானமாகப் போட்டுவிட்டு, வழிகாட்டியைக் கழற்றி அசல் போல்ட்டைப் போடலாம். புகைக்குழாய் முழங்கை, ஹீட் எக்ஸ்சேஞ்சர், கனமான எதற்கும் இது பொருந்தும்.

போல்ட் வாங்கும்போது மரையை அளந்து வாங்குங்கள், தலையைப் பார்த்து வாங்காதீர்கள். யான்மார் போன்ற ஜப்பானிய இன்ஜினில் 8 மி.மீ. மரைக்குத் தலை பல இடங்களில் 12 மி.மீ., ஐரோப்பிய இன்ஜினில் வழக்கமாக 13. கருவிப்பெட்டிக் கேள்விக்கும் பாதிப் பதில் இதுவே: உங்கள் இன்ஜினுக்கு வேண்டிய ஐந்தாறு ஸ்பானர் அளவுகள்தான். அவற்றுக்கு நிற டேப் சுற்றி இன்ஜின் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். பெரிய பெட்டி கரையிலேயே இருக்கட்டும்.

பிப்ரவரி 4

இன்ஜினுக்குக் கீழே இருக்கும் தட்டை வெள்ளை அடித்துவிட்டேன் என்று எழுதியிருந்ததைப் பார்த்து, "ஒரு வாரத்தில் அழுக்காகிவிடுமே" என்கிறார் ஒருவர். அழுக்கு தெரிவதற்காகத்தான் வெள்ளை. கருப்புச் சொட்டு ஆயில், சிவப்போ பச்சையோ கூலன்ட், தண்ணீர் காய்ந்தால் உப்புத்தடம். எங்கிருந்து ஒழுகுகிறது என்று நேர்மேலே பார்த்தால் போதும். கீழே விழுந்த நட்டும் தெரியும்.

எங்கே எழுதினேன் என்று நானே தேடினேன். இங்கே இல்லை, வேறெங்கோ. சரி, இப்போது இங்கேயும் எழுதியாயிற்று.

பிப்ரவரி 9

ஆயில் மாற்றுவது தனி ஆளுக்கு ஏற்கெனவே சுலபம். டிப்ஸ்டிக் துளை வழியாக உறிஞ்சும் வேக்கம் பம்ப், ஆயில் இளஞ்சூடாக இருக்கும்போது. படுத்த வாக்கில் இருக்கும் ஃபில்டரைக் கொஞ்சம் தளர்த்தி, கனமான பிளாஸ்டிக் பையை மேலே போர்த்திக்கொண்டு, பைக்குள்ளேயே கழற்றுங்கள். புதியதன் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, ஒட்டியபின் கையால் முக்கால் சுற்று. ஃபில்டர் மேலேயே தேதியும் இன்ஜின் மணிக்கணக்கும் மார்க்கரில் எழுதிவிடுங்கள், தனியாக நோட்டு வைத்திருந்தாலும்.

டேப்பெட் செட்டிங்கும், அதாவது இன்ஜின் வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்வதும், தனியாகச் செய்யலாம். யான்மார் ஜிஎம் வரிசைக்கு இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.2 மி.மீ. அதில் சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் லீவர் உண்டு, சுற்றும்போது அதைத் தூக்கிவிட்டால் கிராங்க் புல்லி நட்டில் நீளக் கைப்பிடி போட்டு ஒரு கையால் சுற்றலாம். அளக்கும் முன் லீவரை இறக்க மறக்காதீர்கள், அது வால்வைத் தூக்கிப் பிடித்திருக்கும். இன்ஜின் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள், பின்னால் சுற்றினால் இம்பெல்லர் இறக்கைகள் மறுபக்கம் மடங்கும். புல்லியின் மேல்மையக் குறிக்கு வெள்ளைப் பெயின்ட் ஒரு பொட்டு. இல்லாவிட்டால் அதைப் பார்க்க ஒரு ஆள், சுற்ற ஒரு ஆள் என்று திரும்பவும் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம்.

பிப்ரவரி 15

இதுவரை எழுதியதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பட்டன் அழுத்துவது, பார்ப்பது, பிடிப்பது, மூன்றுக்கும் மாற்று சொன்னேன். இரண்டாவது ஆள் சும்மா நிற்கும்போதும் ஒரு வேலை செய்கிறார்: உங்களுக்கு ஏதாவது ஆனால் ஓடி வருவார். அதற்குப் பட்டன் கிடையாது.

அதனால் தனியாக வேலை செய்யும் நாளில் எனக்கு வேறு சட்டம். ஒயரைத் தொடும் முன் பேட்டரியின் மெயின் ஸ்விட்ச் ஆஃப். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றியாக வேண்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான், ஆனால் ஸ்பானரும் மோதிரமும் சேர்ந்து பேட்டரியைக் குறுக்கே இணைத்தால் மோதிரம் பழுக்கும். இன்ஜின் ஓடும்போது படிக்கட்டுக் கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும், கார்பன் மோனாக்சைடு அலாரம் உள்ளே. ஒரு போன் சட்டைப்பையில். மீட்டர் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும் போனை அவசரத்துக்குப் போய் எடுக்க முடியாது.

பிப்ரவரி 16

உடம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியவருக்கு நன்றி. முட்டிக்கு ஃபோம் பாய், விலா எலும்பு பதியும் சட்டத்தின்மேல் பழைய குஷன். படுக்கைப் பக்கமாக இன்ஜினுக்கு ஒரு கதவு வெட்டிக்கொள்ளலாம், அந்தப் பலகை படகின் பலத்தைத் தாங்கும் பலகை அல்ல என்று உறுதியான பிறகு. அது கிடைத்தபின் ஸ்டார்ட் பட்டனைக்கூட அந்தப் பக்கம் மாற்றிவிட்டேன்.

பிப்ரவரி 24

"இன்ஜினையே தனியாகத் தூக்கலாமா?" மவுண்ட் மாற்றும் அளவுக்குத் தூக்கலாம். சின்ன இரண்டு சிலிண்டர் டீசலே கியரோடு ஏறத்தாழ 100 கிலோ வரும். பாய்க்கயிற்றுக் கப்பியில் தூக்க முடியும், ஆனால் இறக்கும்போது கயிற்றைப் பிடிக்க ஒரு கை, இன்ஜினை வழிநடத்த ஒரு கை, மவுண்ட் போல்ட்டைத் துளைக்கு நேராகக் கொண்டுவர ஒரு கை. செயின் பிளாக் வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். விட்ட இடத்தில் நிற்கும், ஒரு மி.மீ. வேண்டுமானாலும் இறக்கலாம், நடுவில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பூமில் (பாயின் அடியிலிருக்கும் கிடைக்கம்பம்) தொங்கவிடுவதாக இருந்தால் பூம் நுனியை, அதைத் தாங்கும் மெல்லிய கயிறான டாப்பிங் லிஃப்ட்டில் நம்பி விடாதீர்கள். பெரிய பாயை ஏற்றும் கயிறான ஹாலியார்டை, பாரம் தொங்கும் இடத்துக்கு நேர்மேலே பூமில் கட்டுங்கள். தொங்கும் இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை அடுக்கிக்கொண்டே போங்கள், கை உள்ளே போகும் முன் கட்டை உள்ளே போக வேண்டும்.

தூக்குவதற்கு முன், கியரையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங்கைப் பிரித்துவிடுங்கள். திரும்ப உட்கார்ந்தபின், படகு தண்ணீரில் இருக்கும்போது, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) கப்ளிங்கின் நான்கு பக்கமும் அளங்கள். 100 மி.மீ. விட்டத்துக்கு 0.1 மி.மீ.க்குள் வித்தியாசம் வரும்வரை மவுண்ட் நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். இதற்கு ஆள் வேண்டாம். பொறுமையும் ஒரு முழு நாளும் வேண்டும்.